நாலாக மடித்த துணி

பெய்ரூத்தில் நிமிர்ந்த முதுகின் விலை மணிக்கு நாற்பது டாலர். அது நுஹாத் அக்காவின் மூன்றாம் மாடிப் பயிற்சிக்கூடத்து விலை. இரண்டு தெரு தள்ளி லமீஸின் வாடகை அறையில் இருபத்தைந்துதான். பாட்டும் குளிர்சாதனமும் இனாம். ஆண்டவன் விலை போடாமல் கொடுத்த முதுகெலும்புக்குச் சந்தையில் இரண்டு விலை இருப்பதில் நஸீபுக்கு ஆச்சரியம் இல்லை. இரண்டு கடையும் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் தலைவலி. நுஹாத் அவர் உடன்பிறந்த அக்கா. லமீஸ் பெற்ற மகள்.

மார் எலியாஸ் தெருவில், அக்காவின் மூன்றாம் மாடிக்கு நேர் கீழே, அப்பா காலத்திலிருந்து துணிக்கடை. பேரம் பேசாமல் ஒரு பொத்தான்கூட வாங்கியறியாத மனிதர் நஸீப். அப்படிப்பட்டவர் போன வாரம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

கடையின் பின்பாதியில் குடியிருந்த தையல்காரர் கனடாவுக்குக் கிளம்பிப் போனதும் அந்த இடத்துக்கு இரண்டு பேர் கை நீட்டினார்கள். லமீஸுக்கு எட்டு புது ரிஃபார்மர், அதாவது பயிற்சிக் கட்டில், போட இடம் வேண்டும். நுஹாத்துக்கோ, அது கிடைக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அவளிடம் வருகிற பெண்களுக்கு அவளோடு சேர்ந்தே வயசாகிவிட்டது. ஜெனரேட்டர்காரன் நினைத்தால்தான் லிஃப்ட் ஓடும். மூன்று மாடி ஏறி வந்தால் மூச்சு படிக்கட்டிலேயே செலவாகிவிடுகிறது.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்று நஸீப் அன்று பெரிய மனுஷனாகச் சொல்லிவிட்டார். "என் முதுகைக் குடுக்கறேன். சனிக்கிழமை காலையில ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. யார் கையில நிமிருதோ அவளுக்கு அந்த இடம்."

சனிக்கிழமை வந்துவிட்டது. அவர் மனைவி விவரமானவள். முதல் நாளே ஸஹ்லேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

* * *

"செருப்பைக் கழட்டு. அந்த மணிமாலையை வெளியே வை."

"இது கையில இல்லன்னா எனக்கு மூச்சு வராதுக்கா."

"மூச்சு எப்ப வரணும், எப்ப போகணும்னு நான் சொல்றேன். வை."

அப்பா விட்டுப்போன முப்பத்து மூன்று மணி கோத்த அம்பர் மாலையை நஸீப் ஜன்னலோரம் வைத்தார். நுஹாத்துக்கு அறுபத்தாறு வயது. கொடிக்கம்பம் மாதிரி நிற்பாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. ஊரில் பிலாட்டீஸ் என்ற இந்தப் பயிற்சியின் பெயரையே யாரும் கேள்விப்படாத காலத்தில் நியூயார்க்கில் கற்றுக்கொண்டு வந்தவள். அங்கே இவளுக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ் எடித், அந்த வித்தையைக் கண்டுபிடித்த ஜெர்மன் கிழவரின் கையாலேயே பழகினவள். நடுவில் ஒரே ஒரு கை. இதை நுஹாத் சொல்லும்போது, நஸீப் தன் கடையில் 'இடைத்தரகர் இல்லாத சரக்கு' என்று சொல்கிற அதே தொனி இருக்கும்.

அறையில் பாட்டு இல்லை, கண்ணாடி இல்லை. நடுவில் பழைய மரத்து ரிஃபார்மர். கட்டில் மாதிரி ஒரு சட்டம். அதற்குள் முன்னும் பின்னும் சறுக்குகிற மெத்தைப் பலகை. பலகையை இழுத்துப் பிடிக்க ஒரே பலமுள்ள நாலு ஸ்பிரிங். கைக்கும் காலுக்கும் தோல் வார்.

நஸீப் மல்லாந்து படுத்தார். அக்கா ஒரு துணியை நாலாக மடித்து அவர் இடது இடுப்புக்கு அடியில் செருகினாள்.

பச்சைக்கோடு போட்ட ஃபிளானல். தன் கடைச் சரக்கு. அக்காவிடம் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பெண்ணும் முதலில் கீழே வந்து, "நுஹாத் துணி ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பாள். முப்பது வருஷமாக அந்தத் துணி தேங்கியதே இல்லை. வாங்குகிறவர்களைப் பற்றி யோசித்திருக்கிறாரே தவிர, அது எங்கே போய் உட்காருகிறது என்று நஸீப் யோசித்ததில்லை.

"இது எதுக்குக்கா?"

"எதுக்கு, ஏன்னு கேக்கறதெல்லாம் உன் பொண்ணு கடையில. இங்க செய்யறது மட்டும்தான். குதிகால் சேரட்டும், விரல் விரியட்டும். இடுப்பைப் பலகையில அழுத்து. வயிறு உள்ள போய் முதுகைத் தொடணும்."

"என் வயிறு முதுகைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சு."

"பேசினா மூச்சு வீணாகும். தள்ளு!"

தள்ளினார். பலகை ஓடியது, ஸ்பிரிங் இழுத்தது. ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. நடுவில் நிற்பதும் இல்லை, விளக்கமும் இல்லை. வரிசை மாறாது, கிழவர் வைத்த வரிசை. தலையைத் தூக்கிக் கையால் காற்றை அடித்து நூறு எண்ண வைத்தாள். அறுபதில் நஸீப் விலை குறைக்கப் பார்த்தார். "நூறுன்னா நூறுதான்" என்றாள். பிறகு பலகைமேல் நிற்க வைத்து, கையை ஊன்றி, முதுகை வளைத்துக் காலால் தள்ளச் சொன்னாள்.

"இதுக்குப் பேரு யானை."

"என்னைத்தானே சொல்ற?"

நுஹாத்தின் உதட்டோரம் ஒரு நொடி அசைந்தது. அவ்வளவுதான்.

முடிந்து எழுந்தபோது சட்டை நனைந்திருந்தது. ஆனால் ஜன்னல் ஒரு சாண் தாழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் கதவில் இடிக்காத தலை இன்றைக்கு இடிக்குமோ என்று குனிந்துகொண்டே வெளியே வந்தார். ஒரே ஒரு குறை. வலது பக்கம், பின்னிடுப்புக்கு மேலே, எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக்.

"நாற்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, தம்பி" என்றாள் அக்கா வாசலில். "மிஸ் எடித் சொன்னதுல ஒரு விரல்கூட மாத்தல. உன் பொண்ணு எத்தனை மாத்தியிருக்கான்னு போய்ப் பாரு."

* * *

லமீஸ் கேள்வியிலேயே ஆரம்பித்தாள்.

"எங்க வலிக்குது? எப்பலேருந்து? துணிக்கட்டை எந்தத் தோள்ல தூக்குவீங்க? தூங்கறது எந்தப் பக்கம்?"

"நீ என்ன, பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"வலது தோள். வலது பக்கம். வலிக்கறதும் வலதுதான். மீதியை வேணா உங்கம்மாகிட்ட கேளு."

இவள் ரிஃபார்மர் வெள்ளைவெளேர் என்று பல் மருத்துவர் நாற்காலி மாதிரி இருந்தது. ஸ்பிரிங்குகள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறம் நிறமாகத் தொங்கின. நிறத்துக்கு நிறம் பலம் வேறு. கால் இரண்டையும் இணையாக, இடுப்பகலம் தள்ளி வைக்கச் சொன்னாள். முதுகைப் பலகையில் அழுத்தக் கூடாதாம். முதுகுக்குப் பிறவியில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டுமாம்.

"உங்கத்தை அழுத்தச் சொன்னா."

"அத்தை சொல்வாங்க. இங்க அழுத்த வேணாம்."

"அப்ப காலையில அழுத்தின காசு?"

"பேசாம மூச்சு விடுங்கப்பா."

மூச்சு விட்டார். மறுபடியும் விட்டார். ஒரு காலைப் பாதி நீட்டினார், மடக்கினார். மகள் விலா எலும்பில் விரல் வைத்துப் பார்த்தாள். சிவப்பைக் கழற்றி நீலத்தை மாட்டினாள். "இப்ப எப்படி இருக்கு? இப்ப?"

"அரை மணியா மூச்சுதான் விடறேன். இது எனக்கு வீட்டுல சும்மாவே வருது. இதுக்கு இருபத்தஞ்சு டாலரா?"

லமீஸ் சிரித்துவிட்டாள். ஆனால் கண் அவர் இடுப்பை விட்டு நகரவில்லை. தொலைபேசியை எடுத்து அவர் கால் நீட்டுவதைப் படம் பிடித்தாள். காட்டினாள்.

"பாருங்க. துணி எதுவும் இல்ல. ஆனா உங்க இடது இடுப்பு தானா தூக்குது. காலைல ஒரு மணி நேரத்துல கத்துக்கிட்டது. அதான் வலது பக்கம் சுருக்குன்னு பிடிக்குது."

"அடேயப்பா. என் இடுப்பு அவ்வளவு நல்ல மாணவனா?"

"நான் அத்தைகிட்ட பத்து வருஷ மாணவி." லமீஸ் பலகை விளிம்பில் உட்கார்ந்தாள். "மாண்ட்ரியல்ல இதைப் படிக்கப் போன முதல் நாள் என்னைப் படுக்க வெச்சுப் பாத்துட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? எந்த விபத்துல உனக்கு இடது இடுப்பு உடைஞ்சதுன்னு. எந்த விபத்தும் இல்லன்னு சொன்னா நம்பல. அதைச் சரி பண்ண எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இதை அத்தைகிட்ட சொல்ல முடியுமா? வரிசையைக் குறை சொன்னாலே நாலு நாள் பேசமாட்டாங்க."

நஸீபின் விரலிடுக்கில் உருண்டுகொண்டிருந்த மணி நின்றது.

விபத்து ஒன்று இருந்தது. லமீஸுக்கு அல்ல.

உள்நாட்டுச் சண்டை தொடங்கின புதிது. நஸீபுக்கு அப்போது அரும்பு மீசை. குண்டு விழுகிற சத்தத்தில் இருட்டுப் படிக்கட்டில் எல்லாரும் நிலவறைக்கு ஓடும்போது நுஹாத் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் பிரித்தபோது இடது கால் ஒரு விரற்கடை குட்டை. மேடையில் ஆடுகிற பெண். "வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள், தம்பியிடமும் வாங்கினாள். அம்மா கடையிலிருந்து ஒரு துண்டு ஃபிளானலைக் கொண்டுவந்து மடித்து, அவள் இடது செருப்புக்குள் வைத்தாள். நியூயார்க்கில், புருக்ளினில் இருந்த சித்தப்பாவிடம் அவள் கிளம்பிப் போனது அந்தச் செருப்போடுதான்.

மடித்த துணி. இடது பக்கம்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? வலிக்குதா?"

"இல்ல" என்றார் நஸீப். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வா, அத்தைகிட்ட போவோம்."

* * *

மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தார் நஸீப்.

பாய் விரித்துப் படுத்திருந்தார்கள் பெண்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி, ஓய்வுபெற்ற நீதிபதி, பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. ஒவ்வொரு இடது இடுப்புக்கு அடியிலும் பச்சைக்கோடு. எல்லோரும் ஒரே நேரத்தில் கால் தூக்கினார்கள். இடது இடுப்புகள் அத்தனையும் அரை விரல் உயரத்தில் மிதந்தன. மார் எலியாஸ் தெருவில் பாதிப் பேர், தங்களுக்கு உடையாத ஒரு எலும்புக்கு முப்பது வருஷமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நஸீபுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. துணி விற்றவன் தான்தானே.

கடைசிப் பெண்ணும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போகும்வரை காத்திருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க? தீர்ப்பா?" நுஹாத் ஏலக்காய்க் காப்பியை மூன்று குவளையில் ஊற்றினாள். "சொல்லு. கடை யாருக்கு?"

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கா. நீ கோவிச்சுக்காம பதில் சொல்லணும்."

"கேட்டுப் பாரு."

"மிஸ் எடித்கிட்ட படிச்ச மத்தவங்களுக்கும் இந்தத் துணி இருந்துச்சா?"

"இது என்ன கேள்வி? எல்லாருக்கும் இருந்துச்சு."

"இடது இடுப்புலயா?"

"ஆமா, இடது..." என்று தொடங்கியவள் குவளையைக் கீழே வைத்தாள். "நம்ம ஊர் ஷாஹனுக்குக் கழுத்துக்கு அடியில ஒரு தலையணை. ஒரு நாட்டியக்காரி வருவா, பேரு மறந்துபோச்சு, அவ முட்டிக்கு நடுவுல பந்து. ஒரு வக்கீல், அவருக்குக் காலே தூக்க விடமாட்டாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் மூலையில் கிடந்த துணிமேல் போய் நின்றது. கீழே தெருவில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

"இது உன்னோடதுக்கா" என்றார் நஸீப், மெதுவாக.

"அது எப்படி?" நுஹாத்தின் குரல் உயர்ந்தது. "மிஸ் எடித்துக்குத்தான் தெரியாதே! நான் சொல்லவே இல்லையே. வகுப்புக்கு நான் சாதாரணமா நடந்துதானே போனேன்? செருப்புல துணி வெச்சு, ஒரு அடி தப்பாம நடந்து..."

"எது தெரியாது? செருப்புல என்ன துணி?" லமீஸ் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள்.

நஸீப் அக்காவைப் பார்த்தார். சத்தியம் அவருடையது, விடுவிக்க வேண்டியவள் அக்கா. நுஹாத் குனிந்தாள். இடது செருப்பைக் கழற்றி மருமகள் முன்னால் போட்டாள். உள்ளே அம்மா வைத்த துணி இல்லை. அதே உயரத்துக்குத் தைத்த தோல்.

"படிக்கட்டுல விழுந்தேன். உங்கப்பாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பொம்பளைக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்கல. மடிச்சு அடியில வெச்சா, அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு, 'இதை மட்டும் எப்பவும் மறக்காதே'ன்னா. வித்தையைச் சொல்றான்னு நெனச்சேன். என்னைச் சொல்லியிருக்கா."

லமீஸ் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாண்ட்ரியலில் இரண்டு வருஷம் வீணான கோபத்தில் எதையாவது சொல்லிவிடுவாள் என்று நஸீப் பயந்தார். அவள் பாயைக் காட்டினாள்.

"அத்தை, ஒரு தடவை துணி இல்லாம படுங்களேன். பாக்கணும்."

"எதைப் பாக்கணும்? நான் தப்புன்னா?"

"தெரியல. அதான் பாக்கணும்."

அந்தத் 'தெரியல' நுஹாத்துக்குப் பிடித்திருக்க வேண்டும். படுத்தாள். இடுப்பைச் சமமாக விட்டாள். லமீஸ் சொன்னபடி முதுகை அழுத்தாமல் காலைத் தூக்கினாள். பாதிகூட வரவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் முகத்தில் வலியை நஸீப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இடுப்பு எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கும் லமீஸ், அவசரமாகப் பச்சைக்கோட்டுத் துணியைத் தேடி எடுத்தாள். நாலாக மடித்தாள். அத்தையின் இடது இடுப்புக்கு அடியில் செருகினாள்.

"உங்களுக்கு இது வேணும் அத்தை. வேணும்தான். எப்பவும்."

"ரொம்ப உருகாதே" என்றாள் நுஹாத், படுத்தபடியே. "மிஸ் எடித் ஒவ்வொரு உடம்பையும் பாத்துப் பாத்து வெச்சா. நான் என் துணியை ஊருக்கெல்லாம் வெச்சேன். நீ எல்லார்கிட்டேருந்தும் பிடுங்கற. நீயும் நானும் ஒரே ஜாதிதான்."

லமீஸ் முகம் சிவந்து, துணியின் ஓரத்தை இழுத்துவிட்டாள். நஸீபுக்கு அது நல்ல வியாபாரமாகப் பட்டது. இரண்டு தரப்புக்கும் சமமாக வலித்திருந்தது.

"அப்ப இந்த நாற்பத்தஞ்சு வருஷத்துல கிழவரோட சரக்கு எது, என் இடுப்போட சரக்கு எது?" நுஹாத் கூரையைப் பார்த்துக் கேட்டாள். குரலில் அழுகை இல்லை. அடி வாங்கின இடத்தைத் தானே தடவிப் பார்க்கிறவளின் ஆவல்தான் இருந்தது. "பாய்ல செய்யறது மொத்தம் முப்பத்து நாலு. ஒண்ணொண்ணா வரேன். மிஸ் எடித் அறையில மத்தவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சிருந்தா அது கிழவரோடது. நான் மட்டும் செஞ்சிருந்தா என்னோடது. நஸீப், நீ எண்ணு."

நஸீப் அம்பர் மாலையை எடுத்தார்.

"நூறு. கையடிக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி. கிழவரோடது." ஒரு மணி தள்ளினார். "உருண்டு எழறது. கிழவரோடது. காலைத் தலைக்கு மேல கொண்டு போறது... நான் மட்டும் வலது காலை முதல்ல இறக்குவேன். என்னோடது."

நாலாவது வந்தது. ஒரு காலைச் செங்குத்தாகத் தூக்கிக் காற்றில் வட்டம் போடுவது.

"இதுல இடுப்பு சும்மா இருக்கணும் அத்தை. கால் மட்டும்தான் சுத்தணும்" என்றாள் லமீஸ்.

"இடுப்பும் கொஞ்சம் காலோட போகும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்தா."

"உங்களுக்கா? எல்லாருக்குமா?"

நுஹாத் கண்ணை மூடினாள். திறந்தாள். "தெரியல. அடுத்ததுக்குப் போ."

போனார்கள். வெளியே வெளிச்சம் குறைந்தது. விளக்கு ஒருமுறை போய் ஜெனரேட்டரில் திரும்ப வந்தது. ஒருவரும் எழவில்லை. பந்து மாதிரி உருளுவது, ரம்பம், அன்னம், பக்கவாட்டு உதை. நடுநடுவே லமீஸ், "இதை நாங்க வேற மாதிரி செய்வோம்" என்பாள். நுஹாத் திட்டாமல், "செஞ்சு காட்டு" என்பாள். நஸீபுக்கு முதுகு வலி இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் ஞாபகம் இல்லை; அவருக்கும் இல்லை.

தண்டால் மாதிரியான கடைசிப் பயிற்சி முடிந்தது. "கிழவரோடது" என்று நுஹாத் பெருமூச்சு விட்டாள்.

"சரி, அந்த நாலாவது? யாரையாவது பாத்த ஞாபகம் வரலையா? பக்கத்துப் பாய்ல யாரு?" என்றார் நஸீப்.

"ஷாஹன்."

நஸீபுக்குத் தெரிந்த பெயர்தான். நியூயார்க்கில் நுஹாத்தோடு படித்த இன்னொரு பெய்ரூத்காரர் ஷாஹன். பாலத்துக்கு அந்தப் பக்கம், புர்ஜ் ஹம்மூத்தில், ஆர்மீனியப் பெண்களுக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார். நுஹாத் முப்பது வருஷமாக அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. காரணம் கேட்டவர்களுக்குப் போக்குவரத்து நெரிசல் என்பாள்.

"பக்கத்துப் பாய்ல இருந்தவர் இடுப்பு அசைஞ்சுதா இல்லையான்னு தெரியலையா அத்தை?"

"அந்த நேரத்துல நான் அவன் பக்கம் திரும்பமாட்டேன்."

"ஏன்?"

நுஹாத் எழுந்து உட்கார்ந்து கொண்டையைச் சரிசெய்தாள். "அவன் என் பக்கம் பாத்துக்கிட்டிருப்பான்."

லமீஸ் காப்பிக் குவளைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

"இளிக்காதே. நஸீப், கடையை இப்ப யாருக்கும் குடுக்காதே. எது என்னோடது, எது கிழவரோடதுன்னு முழுசாத் தெரியாம நான் கீழ இறங்கி வந்து பெயர்ப்பலகை மாட்டமாட்டேன். இவளும் வரக் கூடாது. கணக்கைச் சொல்லு."

நஸீப் மாலையை விளக்கில் தூக்கிப் பிடித்தார். முப்பத்து மூன்று மணியும் ஒரு பக்கம் போயிருந்தது. தள்ள மீதி மணி இல்லை.

"கிழவரோடது இருபத்தேழு. உன் இடுப்போடது ஆறு." கொஞ்சம் தயங்கினார். "பாக்கி ஒண்ணு. பாலத்துக்கு அந்தப் பக்கம்."